ஆய்விதழில் கட்டுரை வெளியிடுதல்

ஆய்விதழில் கட்டுரை வெளியிடுதல் என்பது ஆய்வாளர் ஒருவர் தாம் கண்டறிந்த முடிவுகளையும் அவற்றை எட்டிய முறையையும் எழுதி, அத்துறை வல்லுநர்களின் மதிப்பாய்வுக்கு உட்படுத்தி, பருவ இதழ் ஒன்றில் நிலையான பதிவாக வெளிக்கொணரும் செயற்பாடு ஆகும். இவ்வாறு வெளிவரும் எழுத்து ஆய்வுக் கட்டுரை எனவும், அதனை வெளியிடும் இதழ் ஆய்விதழ் எனவும் அழைக்கப்படுகின்றன. இதழுக்கு வரும் கட்டுரையை அதே துறையில் பணிபுரியும் பிறர் படித்துக் குறைநிறைகளைக் கூறும் முறை சக மதிப்பாய்வு எனப்படும்.

நாளிதழிலோ வார இதழிலோ வெளிவரும் கட்டுரை பொதுவாசகரை நோக்கியது. ஆய்விதழ்க் கட்டுரையோ, அதே ஆய்வைத் தாமும் செய்து பார்க்கவோ மறுக்கவோ மேலெடுத்துச் செல்லவோ கூடிய ஒருவரை நோக்கி எழுதப்படுவது. எனவே முடிவு மட்டுமன்றி, அம்முடிவு எவ்வாறு பெறப்பட்டது என்பதும் அதில் முழுமையாக இடம்பெற வேண்டும்.

## பயன்பாடுகள்

ஆய்விதழ் வெளியீடு நான்கு பணிகளை ஆற்றுகிறது.

* பதிவு - கண்டுபிடிப்பை முதலில் செய்தவர் யார், எந்த நாளில் அறிவித்தார் என்பதை உறுதிசெய்தல்.
* சரிபார்ப்பு - முடிவுகள் ஏற்கத்தக்க முறையில் பெறப்பட்டனவா என்பதைத் துறையினர் ஆராய்தல்.
* பரப்பல் - உலகின் பிற பகுதிகளில் உள்ள ஆய்வாளரைச் சென்றடையச் செய்தல்.
* காத்தல் - பல ஆண்டுகள் கழித்தும் தேடி எடுக்கத்தக்க வகையில் பேணுதல்.

இவற்றுள் முதற்பணியின் முக்கியத்துவத்திற்கு இராமன் விளைவு நல்ல எடுத்துக்காட்டாகும். ச. வெ. இராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் 1928 பெப்ரவரி 28 அன்று கல்கத்தாவில் இவ்விளைவை உறுதிசெய்தனர். இராமன் மார்ச்சு 16 அன்று பெங்களூரில் ஆற்றிய உரை உடனடியாக அச்சிடப்பட்டு, அதன் படிகள் உலகெங்கும் உள்ள இயற்பியலாளருக்கு அனுப்பப்பட்டன. ஏறத்தாழ அதே காலத்தில் மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மாண்டல்ஸ்டாம் ஆகிய இருவரும் படிகங்களில் இதே விளைவைக் கண்டிருந்தனர். ஆயினும் அவர்களது கட்டுரை 1928 சூலையிலேயே செருமானிய இதழ் ஒன்றில் வெளிவந்தது. 1930ஆம் ஆண்டு நோபல் பரிசு இராமனுக்கு வழங்கப்பட்டது.

## வரலாறு

அச்சு இதழ்கள் தோன்றுமுன் அறிஞர்கள் தம் கண்டுபிடிப்புகளைக் கடிதங்கள் வாயிலாகவும் நூல்கள் வாயிலாகவும் தெரிவித்தனர். பிறர் கவர்ந்துகொள்வர் என்னும் அச்சத்தால் சிலர் கண்டுபிடிப்பை எழுத்துப் புதிராக மாற்றி வெளியிட்டதும் உண்டு. 1610இல் கலீலியோ சனிக் கோளைப் பற்றித் தாம் கண்டதை எழுத்துகளைக் கலைத்து அனுப்பினார். அதனை விடுவிக்க முயன்ற கெப்ளர், செவ்வாய்க்கு இரு நிலவுகள் உள்ளன எனத் தவறாகப் பொருள்கொண்டார். இராபர்ட் ஊக் தம் மீள்மை விதியை 1676இல் புதிராக வெளியிட்டு, 1678இலேயே அதன் விடையை அறிவித்தார்.

இந்நிலையை மாற்றியவை 1665ஆம் ஆண்டு தோன்றிய இரு இதழ்கள் ஆகும். பாரிசில் தெனி தெ சாலோ என்பவர் சனவரி 5 அன்று *சூர்னால் தே சாவான்* என்னும் இதழைத் தொடங்கினார். இலண்டன் அரச கழகத்தின் செயலாளரான என்றி ஓல்டன்பர்க் மார்ச்சு 6 அன்று *பிலசாபிக்கல் டிரான்சாக்சன்சு* என்னும் இதழைத் தம் சொந்தப் பொறுப்பில் தொடங்கினார். பின்னது இன்றளவும் வெளிவருகிறது. ஒளி, நிறங்கள் ஆகியன பற்றிய ஐசாக் நியூட்டனின் கட்டுரை 1672இல் இவ்விதழிலேயே வெளிவந்து, ஊக்குடன் நீண்ட விவாதத்திற்கு வழிவகுத்தது.

1752இல் அரச கழகம் இவ்விதழின் பொறுப்பைத் தானே ஏற்று, கட்டுரைகளைத் தெரிவுசெய்யக் குழு ஒன்றை அமைத்தது. 1830களில் அக்கழகத்தில் எழுத்து வடிவிலான மதிப்பாய்வு அறிக்கைகள் பெறும் வழக்கம் தொடங்கியது. எனினும் எல்லா இதழ்களும் இம்முறையை உடனே பின்பற்றவில்லை. பல இதழ்களில் ஆசிரியரே முடிவெடுத்தார். 1869இல் தொடங்கப்பட்ட *நேச்சர்* இதழ் வெளிமதிப்பாய்வை முறையான விதியாகக் கொண்டது 1973இலேயே ஆகும். டி.என்.ஏ.யின் இரட்டைச் சுருள் அமைப்பை விளக்கும் வாட்சன், கிரிக் ஆகியோரின் 1953ஆம் ஆண்டுக் கட்டுரை வெளிமதிப்பாய்வுக்கு அனுப்பப்படாமலே அவ்விதழில் வெளியானது.

## கட்டுரை வகைகள்

* முழு ஆய்வுக் கட்டுரை - புதிய முடிவுகளை முழு விவரங்களுடன் தருவது.
* குறுங்கட்டுரை அல்லது மடல் - விரைந்து அறிவிக்க வேண்டிய முடிவைச் சுருக்கமாகத் தருவது.
* மீளாய்வுக் கட்டுரை - ஒரு பொருள்பற்றி அதுவரை வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடுவது. புதிதாக ஒரு துறைக்குள் நுழையும் மாணவர் முதலில் படிக்கத்தக்கது இதுவே.
* நிகழ்வு அறிக்கை - மருத்துவத்தில் அரிதாகக் காணப்படும் நோயாளர் ஒருவரின் நிலையை விளக்குவது.
* கருத்துரை - முன்னர் வெளிவந்த கட்டுரை ஒன்றை மறுப்பது அல்லது அதற்கு விளக்கம் சேர்ப்பது.

## கட்டுரையின் அமைப்பு

அறிவியல், மருத்துவக் கட்டுரைகள் பெரும்பாலும் அறிமுகம், முறைகள், முடிவுகள், ஆய்வுரை என்னும் நான்கு பகுதிகளைக் கொண்டவை. கணிதக் கட்டுரைகளுக்கும் வரலாறு, இலக்கியம் போன்ற துறைகளின் கட்டுரைகளுக்கும் இவ்வமைப்பு பொருந்தாது. அவை தத்தம் துறை மரபைப் பின்பற்றுகின்றன.

* தலைப்பு - ஆய்ந்த பொருளைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். தேடுவோர் முதலில் காண்பது இதுவே.
* சுருக்கம் - வினா, முறை, முடிவு ஆகியவற்றை ஏறத்தாழ 150 முதல் 300 சொற்களில் தருவது. பலர் சுருக்கத்தை மட்டுமே படிப்பதால், கட்டுரையில் இல்லாத எதுவும் இதில் இடம்பெறக் கூடாது.
* அறிமுகம் - இதுவரை அறியப்பட்டது எது, அறியப்படாதது எது, இக்கட்டுரை எவ்விடைவெளியை நிரப்புகிறது என்பவற்றைக் கூறும்.
* முறைகள் - பயன்படுத்திய பொருள்கள், கருவிகள், தரவுகள், கணக்கீட்டு வழிகள் ஆகியன. இப்பகுதியை மட்டும் கொண்டு வேறொருவர் அதே ஆய்வைச் செய்ய இயல வேண்டும்.
* முடிவுகள் - கண்டவை மட்டும். எதிர்பார்ப்புக்கு மாறாக வந்தவையும் இதில் அடங்கும்.
* ஆய்வுரை - முடிவுகளின் பொருள், முந்தைய ஆய்வுகளுடன் அவற்றுக்கு உள்ள உறவு, ஆய்வின் வரம்புகள்.
* மேற்கோள் பட்டியல் - பயன்படுத்திய பிறர் ஆக்கங்கள்.

முடிவுகளையும் ஆய்வுரையையும் பிரித்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஆய்வாளர் தரும் விளக்கத்தை ஏற்காத ஒருவரும் அவர் பெற்ற தரவுகளைத் தனியே எடுத்துப் பயன்படுத்த இது வழிசெய்கிறது. விளக்கம் பின்னாளில் தவறானாலும் நன்கு பதிவுசெய்யப்பட்ட அளவீடு நிலைத்து நிற்கும்.

## ஆசிரியர் பெயர்கள்

கட்டுரையின் ஆசிரியராகப் பெயர் இடம்பெறுவது பெருமை மட்டுமன்றிப் பொறுப்பும் ஆகும். மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு, ஆசிரியராகக் கருதப்படுவதற்கு நான்கு தகுதிகளை வகுத்துள்ளது. அவை நான்கும் ஒருங்கே பொருந்த வேண்டும்.

1. ஆய்வின் திட்டம், தரவு திரட்டல், பகுப்பாய்வு ஆகியவற்றுள் ஒன்றிலேனும் கணிசமான பங்களிப்பு.
2. கட்டுரையை எழுதுவதில் அல்லது அறிவார்ந்த முறையில் திருத்துவதில் பங்கு.
3. வெளியிடப்படும் இறுதி வடிவத்திற்கு ஒப்புதல்.
4. கட்டுரையின் எல்லாக் கூறுகளுக்கும் பொறுப்பேற்க உடன்பாடு.

பணம் பெற்றுத் தந்தமை, துறைத் தலைவராக இருந்தமை ஆகியன மட்டும் ஒருவரை ஆசிரியராக்கா. அத்தகையோருக்கு நன்றியுரையில் இடமளிக்கலாம். பங்களிக்காதவரின் பெயரைச் சேர்ப்பது *கொடை ஆசிரியம்* எனவும், பங்களித்தவரின் பெயரை விடுவது *மறை ஆசிரியம்* எனவும் கூறப்படுகின்றன. பின்னதால் பெரிதும் இழப்பவர்கள் இளம் ஆய்வாளர்களே. ஆகவே பெயர் வரிசையை ஆய்வின் தொடக்கத்திலேயே பேசி எழுத்தில் வைத்துக்கொள்ளுதல் நலம்.

பெயர் வரிசையின் பொருள் துறைக்குத் துறை மாறும். உயிரியலில் பணியைப் பெரிதும் செய்தவர் முதலிலும் ஆய்வகத் தலைவர் இறுதியிலும் இடம்பெறுவர். கணிதத்தில் அகரவரிசையே பெருவழக்கு. இதழுடன் கடிதத் தொடர்பு கொள்பவர் *தொடர்பு ஆசிரியர்* எனப்படுவார். செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் பொறுப்பேற்க இயலாதவை என்பதால் அவற்றை ஆசிரியராகக் குறிக்கக் கூடாது எனவும், பயன்படுத்தியிருப்பின் அதனை வெளிப்படையாகத் தெரிவிக்க வேண்டும் எனவும் இதழாசிரியர் அமைப்புகள் 2023இல் அறிவித்தன.

## இதழைத் தேர்ந்தெடுத்தல்

கட்டுரையை முழுமையாக எழுதி முடிக்குமுன்னரே இதழைத் தேர்தல் வழக்கம். ஏனெனில் நீளம், மேற்கோள் முறை, படங்களின் வடிவம் ஆகியன இதழுக்கு இதழ் வேறுபடுகின்றன. பின்வருவன கருத்திற்கொள்ளப்படுகின்றன.

* இதழின் பொருளெல்லைக்குள் கட்டுரை அடங்குகிறதா?
* கட்டுரையின் மேற்கோள் பட்டியலில் உள்ள ஆக்கங்கள் எவ்விதழ்களில் வெளிவந்தவை? பொருத்தமான இதழ் பெரும்பாலும் அவற்றுள் ஒன்றாக இருக்கும்.
* ஆசிரியர் குழுவினர் அத்துறையில் அறியப்பட்டவர்களா?
* பெறப்பட்ட நாள், ஏற்கப்பட்ட நாள் ஆகியவற்றை இதழ் வெளியிடுகிறதா? அவற்றிலிருந்து மதிப்பாய்வுக்கு ஆகும் காலத்தைக் கணிக்கலாம்.
* கட்டணம் உண்டா? உண்டெனில் எவ்வளவு? விலக்குப் பெற வழி உண்டா?

ஒரு கட்டுரையை ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட இதழ்களுக்கு அனுப்புதல் தவறாகக் கருதப்படுகிறது. ஓரிதழ் மறுத்த பின்னரோ, ஆசிரியர் முறைப்படி திரும்பப் பெற்ற பின்னரோதான் மற்றோர் இதழுக்கு அனுப்பலாம்.

## மதிப்பாய்வு

கட்டுரை வந்தவுடன் இதழின் ஆசிரியர் அதனைப் பார்வையிடுகிறார். பொருளெல்லைக்கு வெளியே இருந்தாலோ, அடிப்படைக் குறை இருந்தாலோ மதிப்பாய்வுக்கு அனுப்பாமலே திருப்பிவிடுவார். இது *மேசை மறுப்பு* எனப்படும். எழுத்துத் திருட்டைக் கண்டறியும் மென்பொருள் சோதனையும் இக்கட்டத்தில் நடைபெறும்.

அடுத்து இருவர் அல்லது மூவர் மதிப்பாய்வாளராக அழைக்கப்படுகின்றனர். பெரும்பாலும் இவர்கள் ஊதியம் பெறுவதில்லை. மதிப்பாய்வு முறைகள் பின்வருமாறு வகைப்படுத்தப்படுகின்றன.

* ஒற்றை மறைப்பு - மதிப்பாய்வாளர் ஆசிரியரை அறிவார். ஆசிரியர் மதிப்பாய்வாளரை அறியார்.
* இரட்டை மறைப்பு - இருவரும் ஒருவரையொருவர் அறியார்.
* திறந்த மதிப்பாய்வு - பெயர்களோ அறிக்கைகளோ இரண்டுமோ வெளிப்படையாக்கப்படும்.

மதிப்பாய்வுக்கு ஆகும் காலம் சில வாரங்கள் முதல் ஓராண்டுக்கு மேலும் நீளக்கூடும். கெப்ளரின் ஊகத்திற்குத் தாமசு ஏல்சு 1998இல் கண்ட நிறுவல் பெருமளவு கணினிக் கணக்கீட்டைச் சார்ந்திருந்தது. பன்னிரண்டு மதிப்பாய்வாளர்கள் பல ஆண்டுகள் ஆராய்ந்த பின்னரும், நிறுவல் சரியென 99 விழுக்காடு மட்டுமே உறுதிகூற இயலும் என்றனர். அக்கட்டுரை 2005இல் வெளியானது. முழுமையான முறைசார் நிறுவல் 2014இல் கணினியின் துணையால் நிறைவு பெற்றது.

மதிப்பாய்வின் முடிவில் ஆசிரியர் பின்வருவனவற்றுள் ஒன்றைத் தெரிவிப்பார்: அப்படியே ஏற்பு, சிறு திருத்தத்துடன் ஏற்பு, பெருந்திருத்தம் வேண்டல், மறுப்பு. முதற்சுற்றிலேயே அப்படியே ஏற்கப்படுவது மிக அரிது. பெருந்திருத்தம் வேண்டும் கடிதம் மறுப்பன்று. கட்டுரையை மீண்டும் பார்க்க இதழ் ஆயத்தமாக உள்ளது என்பதே அதன் பொருள்.

திருத்திய வடிவத்துடன் *மறுமொழிக் கடிதம்* ஒன்றும் அனுப்பப்படும். இதில் மதிப்பாய்வாளரின் ஒவ்வொரு கருத்தையும் எடுத்தெழுதி, அதன்கீழ் செய்த மாற்றத்தையும் பக்க எண்ணையும் குறிப்பிடுவர். ஒரு கருத்தை ஏற்க இயலாதபோது காரணத்தைச் சான்றுடன் விளக்கலாம். மதிப்பாய்வாளர் ஒரு பகுதியைத் தவறாகப் புரிந்துகொண்டிருப்பின், அப்பகுதி தெளிவாக எழுதப்படவில்லை என்பதற்கு அதுவே அறிகுறியாகலாம் என்பதால் அவ்விடத்தைத் திருத்தி எழுதுவது நன்மை தரும்.

## ஏற்பிற்குப் பின்

ஏற்கப்பட்ட கட்டுரை மொழித் திருத்தம், பக்க அமைப்பு ஆகியவற்றைக் கடந்து அச்சுப்படியாக ஆசிரியருக்கு வரும். இக்கட்டத்தில் எழுத்துப் பிழைகளை மட்டுமே திருத்தலாம். பதிப்புரிமையைப் பதிப்பகத்திற்கு மாற்றித் தரும் ஒப்பந்தமோ உரிம ஒப்பந்தமோ கையொப்பமிடப்படும். 2000ஆம் ஆண்டு முதல் கட்டுரைகளுக்கு *டி.ஓ.ஐ.* எனப்படும் நிலையான எண்ணிம அடையாளம் வழங்கப்படுகிறது. இணைய முகவரி மாறினும் இவ்வெண் மாறாது. ஒரே பெயருடைய ஆய்வாளர்களைப் பிரித்தறிய 2012இல் தொடங்கப்பட்ட *ஆர்கிட்* எண் பயன்படுகிறது. முதலெழுத்தையும் தந்தை பெயரையும் பலவாறு எழுதும் தமிழ் ஆய்வாளருக்கு இது குறிப்பாகப் பயனுடையது.

## மறுப்பும் புகழ்பெற்ற நிகழ்வுகளும்

மறுப்பு ஆய்வுப் பணியின் வழமையான பகுதியாகும். பின்னாளில் சிறப்புப் பெற்ற சில ஆய்வுகளும் மறுப்பையும் திருத்தத்தையும் சந்தித்துள்ளன.

சீனிவாச இராமானுசன் - இராமானுசனின் முதல் ஆய்வுக் கட்டுரை, பெர்னூலி எண்கள் பற்றியது, 1911இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வெளிவந்தது. நிறுவல்களைச் சுருக்கி எழுதும் அவர் வழக்கத்தால், இதழாசிரியர் எம். டி. நாராயண ஐயங்கார் கட்டுரையைப் பலமுறை திருப்பியனுப்பித் தெளிவாக்கச் செய்தார். உயர்பகு எண்கள் பற்றிய இராமானுசனின் நீண்ட கட்டுரை 1915இல் இலண்டன் கணிதக் கழகத்தின் இதழில் வெளியானபோது, போர்க்காலப் பணமுடையால் அதன் ஒரு பகுதி அச்சிடப்படாமல் விடப்பட்டது. அப்பகுதி 1997இலேயே வெளிவந்தது.

சத்தியேந்திர நாத் போசு - டாக்கா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய போசு, பிளாங்கின் விதியைப் புதுமுறையில் வருவித்து எழுதிய கட்டுரை *பிலசாபிக்கல் மேகசின்* இதழில் ஏற்கப்படவில்லை. 1924 சூன் 4 அன்று அவர் அதனை ஆல்பர்ட் ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். ஐன்ஸ்டைன் தாமே செருமானியத்தில் மொழிபெயர்த்து வெளியிடச் செய்தார். போசு-ஐன்ஸ்டைன் புள்ளியியல் இதிலிருந்தே பிறந்தது.

ஐன்ஸ்டைன் - 1936இல் ஐன்ஸ்டைனும் நேத்தன் ரோசனும், ஈர்ப்பலைகள் இல்லை என முடிவுகூறும் கட்டுரையை *பிசிக்கல் ரிவ்யூ* இதழுக்கு அனுப்பினர். இதழாசிரியர் ஜான் டேட் அதனை மதிப்பாய்வுக்கு அனுப்ப, குறைகளைச் சுட்டும் விரிவான அறிக்கை வந்தது. அச்சாகுமுன் பிறருக்குக் காட்டத் தாம் இசைவு தரவில்லை எனச் சினந்த ஐன்ஸ்டைன் கட்டுரையைத் திரும்பப் பெற்றார். ஆயினும் 1937இல் வேறோர் இதழில் வெளியான வடிவத்தில் முடிவு மாற்றப்பட்டிருந்தது. மதிப்பாய்வாளர் எச். பி. இராபர்ட்சன் என்பது 2005இல் தெரியவந்தது. ஈர்ப்பலைகள் 2015இல் நேரடியாகக் கண்டறியப்பட்டன.

ஆன்சு கிரெப்சு - உயிரணுவில் ஆற்றல் உருவாகும் சிட்ரிக் அமிலச் சுழற்சி பற்றி 1937இல் கிரெப்சு அனுப்பிய மடலை, போதுமான மடல்கள் கைவசம் உள்ளன எனக் கூறி *நேச்சர்* திருப்பியனுப்பியது. *என்சைமோலோகியா* இதழில் வெளிவந்த அவ்வாய்வுக்காக அவர் 1953இல் நோபல் பரிசு பெற்றார்.

மதிப்பாய்வு சில வேளைகளில் தவறும் என்பதைப் போசு, கிரெப்சு ஆகியோரின் நிகழ்வுகளும், பேரறிஞரையும் பிழையிலிருந்து காக்கும் என்பதை ஐன்ஸ்டைனின் நிகழ்வும் காட்டுகின்றன.

இதழாசிரியரின் பங்கிற்குச் சுப்பிரமணியன் சந்திரசேகரின் பணி எடுத்துக்காட்டாகும். வெண்குறுமீன்களின் எல்லை நிறைபற்றிய அவரது கட்டுரை 1931இல் *ஆஸ்ட்ரோபிசிக்கல் ஜர்னல்* இதழில் வெளிவந்தது. பின்னர் 1952 முதல் 1971 வரை அவரே அவ்விதழின் ஆசிரியராக இருந்து, சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்திருந்த அவ்விதழை அமெரிக்க வானியல் கழகத்தின் இதழாக வளர்த்தார்.

## முறைகேடுகளும் மீளப்பெறுதலும்

தரவுகளைப் புனைதல், தரவுகளைத் திரித்தல், எழுத்துத் திருட்டு ஆகிய மூன்றும் முதன்மையான ஆய்வு முறைகேடுகள் ஆகும். தம் பழைய கட்டுரையையே குறிப்பிடாமல் மீண்டும் வெளியிடுதலும், ஓராய்வைச் சிறு துண்டுகளாக்கிப் பல கட்டுரைகளாக்குதலும் கண்டிக்கப்படுகின்றன. கடும்பிழையோ முறைகேடோ உறுதியானால் இதழ் கட்டுரையை *மீளப்பெறும்*. மீளப்பெற்ற கட்டுரை அழிக்கப்படுவதில்லை. அறிவிப்புடன் பதிவில் வைக்கப்படுகிறது.

1998இல் *லான்செட்* இதழ், 12 குழந்தைகளை ஆய்ந்து, தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஆகியவற்றுக்கான கூட்டுத் தடுப்பூசிக்கும் மதியிறுக்கத்திற்கும் தொடர்பு இருக்கக்கூடும் எனக் கூறிய கட்டுரையை வெளியிட்டது. பிரித்தானியாவில் தடுப்பூசி பெறுவோர் விழுக்காடு வீழ்ந்தது. பின்வந்த பெரிய ஆய்வுகள் எவையும் அத்தொடர்பைக் காணவில்லை. கட்டுரை 2010இல்தான் மீளப்பெறப்பட்டது. தென்கொரியாவின் உவாங் வூ-சுக் மனிதக் குருத்தணுக்கள் பற்றி *சயன்சு* இதழில் 2004, 2005 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் புனைந்த தரவுகளைக் கொண்டிருந்தமையால் 2006இல் மீளப்பெறப்பட்டன. 2020 மே மாதம் கோவிட்-19 நோய்க்கான ஐட்ராக்சிகுளோரோகுயின் மருந்துபற்றி *லான்செட்* வெளியிட்ட கட்டுரையால் உலக சுகாதார அமைப்பு தன் சோதனையின் ஒரு பகுதியை நிறுத்தி வைத்தது. தரவுகளைச் சரிபார்க்க இயலாமையால் சூன் 4 அன்றே அக்கட்டுரை மீளப்பெறப்பட்டது.

அண்மை ஆண்டுகளில், கட்டுரைகளைப் பணத்திற்கு எழுதி விற்கும் *கட்டுரை ஆலைகள்* பெருகியுள்ளன. 2023ஆம் ஆண்டில் மட்டும் உலகளவில் 10,000க்கும் மேற்பட்ட கட்டுரைகள் மீளப்பெறப்பட்டன.

## போலி இதழ்கள்

மதிப்பாய்வு செய்யாமல் கட்டணத்திற்காக மட்டும் கட்டுரைகளை வெளியிடும் இதழ்கள் *போலி இதழ்கள்* அல்லது *கொள்ளை இதழ்கள்* எனப்படுகின்றன. அமெரிக்க நூலகர் செஃப்ரி பீல் இவற்றைப் பட்டியலிட்டு வந்தார். அப்பட்டியல் 2017 சனவரியில் நீக்கப்பட்டது. 2013இல் *சயன்சு* இதழுக்காகச் செய்தியாளர் ஜான் பொகானன், வெளிப்படையான பிழைகள் நிறைந்த பொய்க் கட்டுரை ஒன்றின் வடிவங்களைக் கட்டண முறையிலான 304 இதழ்களுக்கு அனுப்பினார். அவற்றுள் 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன; 98 இதழ்கள் மறுத்தன. அவ்விதழ்களுள் கணிசமானவை இந்தியாவிலிருந்து இயங்கின.

போலி இதழ்களின் பொதுவான அடையாளங்கள்:

* சில நாள்களில் வெளியிடுவதாக உறுதியளித்தல்.
* கட்டுரை கேட்டு அறிமுகமற்றோருக்கு மின்னஞ்சல் அனுப்புதல்.
* பொறியியல் முதல் இலக்கியம் வரை எல்லாத் துறைகளையும் ஓரிதழில் சேர்த்தல்.
* பெயருக்குரியவரின் இசைவின்றி அவரை ஆசிரியர் குழுவில் காட்டுதல்.
* புகழ்பெற்ற இதழின் பெயரையோ தளத்தையோ போலச் செய்தல்.
* கட்டணத்தை ஏற்பிற்குப் பின்னரே தெரிவித்தல்.

இவற்றில் வெளியிடுவதால் பணம் மட்டும் வீணாவதில்லை. ஒருமுறை வெளியான கட்டுரையை மற்றோர் இதழ் ஏற்காது என்பதால், உண்மையாக உழைத்துப் பெற்ற முடிவும் மதிப்பின்றிப் போகிறது. ஐ.எஸ்.எஸ்.என். எண் பெற்றிருப்பது இதழின் தரத்திற்குச் சான்றன்று. அது இதழை அடையாளங்காட்டும் எண் மட்டுமே.

## திறந்த அணுக்கமும் முன்பதிப்பும்

மரபான முறையில் நூலகங்கள் சந்தா செலுத்தி இதழ்களைப் பெறுகின்றன. யாவரும் இலவசமாகப் படிக்கத்தக்க முறை *திறந்த அணுக்கம்* எனப்படும். 2002ஆம் ஆண்டு புடாபெசுட்டு அறிவிப்பு இதற்கு வரையறை தந்தது. இதன் வகைகள்:

* தங்க வழி - இதழே இலவசமாக வெளியிடுவது. பெரும்பாலும் ஆசிரியரிடம் கட்டணம் பெறப்படும். *நேச்சர்* இதழ் 2021இல் இவ்வழியைத் தொடங்கியபோது ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ கட்டணம் விதித்தது.
* பச்சை வழி - ஆசிரியர் தம் படியை நிறுவனக் களஞ்சியத்தில் இடுவது.
* வைர வழி - ஆசிரியரிடமும் வாசகரிடமும் கட்டணம் பெறாதது.

மதிப்பாய்வுக்கு முன்னரே இணையத்தில் இடப்படும் வடிவம் *முன்பதிப்பு* ஆகும். 1991இல் பால் கின்சுபார்க் தொடங்கிய *ஆர்க்சைவ்* இதன் முன்னோடி. உயிரியலுக்கான *பயோஆர்க்சைவ்* 2013இல் தொடங்கியது. கிரிகோரி பெரல்மான் புவான்காரே ஊகத்தின் நிறுவலை 2002, 2003 ஆகிய ஆண்டுகளில் ஆர்க்சைவில் மட்டுமே வெளியிட்டார், எவ்விதழுக்கும் அனுப்பவில்லை. பிறர் அதனைச் சரிபார்த்த பின் 2006இல் அவருக்கு ஃபீல்ட்சு பதக்கம் அறிவிக்கப்பட்டது. அவர் அதனை ஏற்க மறுத்தார்.

## அளவீடுகள்

ஓரிதழின் கடந்த ஈராண்டுக் கட்டுரைகள் நடப்பாண்டில் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பதைக் குறிப்பது *தாக்கக் காரணி* ஆகும். யூசின் கார்ஃபீல்டு இதனை உருவாக்கியவர்களுள் ஒருவர். ஆய்வாளர் ஒருவரை அளக்க 2005இல் ஓர்கே இர்சு முன்மொழிந்தது *எச் சுட்டெண்*. ஒருவரது கட்டுரைகளுள் 10 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 10 முறை மேற்கோள் பெற்றிருந்து, 11 கட்டுரைகளுக்கு அவ்வாறு அமையாதிருப்பின் அவரது எச் சுட்டெண் 10 ஆகும்.

தாக்கக் காரணி இதழின் சராசரியே அன்றித் தனிக் கட்டுரையின் தரமன்று. துறைக்குத் துறை மேற்கோள் வழக்கம் வேறுபடுவதால் இயற்பியல் இதழையும் மொழியியல் இதழையும் இதனால் ஒப்பிடல் பொருந்தாது. இதழின் அளவீட்டைக் கொண்டு ஆய்வாளரை மதிப்பிடக் கூடாது என 2012இல் சான் பிரான்சிசுக்கோவில் கூடிய இதழாசிரியர்களும் பதிப்பாளர்களும் ஓர் அறிக்கையை உருவாக்கினர்.

## இந்தியாவில்

பல்கலைக்கழக மானியக் குழு தரமான இதழ்களை அடையாளங்காட்ட 2018இல் அமைத்த *யூ.ஜி.சி. கேர்* பட்டியல் முறை 2025இல் கைவிடப்பட்டது. இதழின் தரத்தை உயர்கல்வி நிறுவனங்களே மதிப்பிட வேண்டியதாயிற்று. 2022ஆம் ஆண்டின் முனைவர்ப் பட்ட விதிமுறைகள், ஆய்வேடு அளிக்குமுன் ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டிருக்க வேண்டும் என்னும் பொதுக் கட்டாயத்தை நீக்கின. எனினும் பல்கலைக்கழகங்கள் தம் விதிகளில் இதனை வேண்டலாம். அரசு உயர்கல்வி நிறுவனங்களுக்குப் பன்னாட்டு இதழ்களைக் கிடைக்கச் செய்யும் *ஒரே நாடு ஒரே சந்தா* திட்டம் 2025 சனவரியில் தொடங்கியது.

## தமிழியல் ஆய்விதழ்கள்

தனிநாயகம் அடிகள் 1952இல் தொடங்கிய *தமிழ்க் கல்ச்சர்* என்னும் ஆங்கில இதழ், தமிழியலை உலக ஆய்வாளரிடம் கொண்டுசென்ற முன்னோடி ஆய்விதழாகும். 1964இல் புதுதில்லியில் தோன்றிய உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் சார்பில் 1969இல் *தமிழியல்* ஆய்விதழ் தொடங்கப்பட்டது. பின்னர் அதனைச் சென்னை உலகத் தமிழாராய்ச்சி நிறுவனம் வெளியிட்டு வந்தது.

## இவற்றையும் பார்க்க

* சக மதிப்பாய்வு
* அறிவியல் அறிவு வழி
* எழுத்துத் திருட்டு
* பதிப்புரிமை
* திறந்த அணுக்கம்
* தனிநாயகம் அடிகள்